ரெண்டாவது பிள்ளைக்குப் புருஷன் வீடு

அன்று காலை புன்னைக்காயல் வீட்டில் இருந்தவர்கள் அக்கா, அக்காவின் மாமியார், எங்கள் அம்மா, பிரசவம் பார்க்க வந்த ஆயாம்மா, நான். வாசலில் ஆட்டோ அண்ணன் வண்டிக்குள் காலை நீட்டிப் படுத்திருந்தார். இல்லாதவர்களையும் சொல்லிவிட வேண்டும். அக்காவின் புருஷன், என் மச்சான், ஏதோ ஒரு கடலில், கப்பலில் இருந்தார். அப்பா தூத்துக்குடியில் விடியுமுன்பே படகில் போய்விட்டார். அக்காவின் மூத்த பிள்ளை பக்கத்து வீட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்சம்மா இல்லை. டாக்டர் இல்லை. அவர்கள் இல்லாமல் இருப்பதற்கு நாங்கள் மாதக்கணக்கில் ஏற்பாடு செய்திருந்தோம்.

கேள்விப்படுகிறவர்கள் முதலில் நினைப்பது, படிக்காத குடும்பம், ஆஸ்பத்திரி என்றால் பயம் என்பது. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனவள். போனதால் வந்ததுதான் இது.

மூத்தவள் பிறந்தது டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில். சுகப்பிரசவம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே நடந்ததை அக்கா ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது உண்டான பிறகு ஒரு சாயங்காலம், மீன் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"கத்தினா தொடையில அடிச்சாங்கலே. புருஷன்கூடப் படுக்கும்போது இப்படித்தான் கத்தினியான்னு கேட்டாங்க. மத்தவளுக எல்லாம் பக்கத்துக் கட்டில்ல கெடந்து கேட்டுக்கிட்டு இருக்காளுக. கிழிச்சுத் தச்சதுக்கு மரத்துப்போற ஊசிகூடப் போடல. அங்கன திரும்பப் போகச் சொல்லாத. போக மாட்டேன்."

அவள் மீனைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம் செதில் எடுத்தாள்.

மச்சானோடு கப்பலில் வேலை பார்க்கும் ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் தன் மனைவி வீட்டிலேயே பிள்ளை பெற்ற வீடியோவைக் காட்டியிருக்கிறார். மச்சான் அதை வாங்கி அக்காவுக்கு அனுப்பினார். ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. மெல்லிய வெளிச்சம். அந்தப் பெண்ணின் தோளை ஒரு நர்ஸ் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கிறாள். அக்கா அதைச் சத்தத்தை அணைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். ஒருநாள் போனை என்னிடம் நீட்டினாள்.

"இந்த மாதிரி பெத்தா ஆபத்தா இல்லியா? நீ படிச்சுப் பாத்துச் சொல்லு. ஒரு வார்த்தையில சொல்லு."

"ஒரு வார்த்தையில சொல்ல முடியாதுக்கா."

"அம்புட்டு வருஷம் படிச்சு ஒரு வார்த்தை வரலியா ஒனக்கு?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். காலேஜும் முடித்தேன். துறைமுகத்தில் சரக்குக்கு கிளியரன்ஸ் வாங்கித் தரும் ஓர் ஆபீசில் வேலை. கேஸ் கம்பெனிச் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், படகு இன்சூரன்ஸ், எழுத்து என்று எது வந்தாலும் வீட்டில் என் கைக்கு வரும். நானும் வாங்கிக்கொள்வேன். அதனால் இதையும் வாங்கிக்கொண்டேன். ஆபீஸ் முடிந்து உட்கார்ந்து வாசித்தேன். இங்கிலீஷில் மருத்துவக் கட்டுரைகள். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

புரிந்தது இவ்வளவுதான். சில நாடுகளில், ஏற்கெனவே ஒரு சுகப்பிரசவம் ஆகி, வேறு சிக்கல் எதுவும் இல்லாத பெண் வீட்டில் பெற்றாலும் ஆஸ்பத்திரியில் பெற்றாலும் பிள்ளைக்கு வரும் ஆபத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தாய்க்கு வீட்டில் வெட்டும் தையலும் ஊசியும் குறைவு. தலைப்பிள்ளை என்றால் வீட்டில் பிள்ளைக்கு ஆபத்து கூடுதல். வேறு சில இடங்களில், மருத்துவச்சிக்கும் ஆஸ்பத்திரிக்கும் தொடர்பில்லாத இடங்களில், எந்தப் பிரசவமானாலும் வீட்டில் ஆபத்து கூடுதல். எல்லாக் கட்டுரையிலும் இந்த முடிவுகளுக்கு முன்னால் நிபந்தனைகள் இருந்தன. எங்கள் ஆபீசில் கண்டெய்னர்ச் சீட்டில் 'உள்ளே இன்னது இருப்பதாக அனுப்பியவர் சொல்கிறார்' என்று போட்டிருக்கும். இருக்கிறது என்று கப்பல்காரன் சொல்ல மாட்டான். அந்த வரியை வாசிக்காமல் சரக்கை எடுக்கக் கூடாது என்பதுதான் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த வேலை. அதனால் நிபந்தனைகளையும் வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னேன். பயிற்சி பெற்ற மருத்துவச்சி வேண்டும். பிள்ளையை மட்டும் பார்க்க இரண்டாவதாக ஓர் ஆள் வேண்டும். மூச்சு கொடுக்கிற பை வேண்டும். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும், அங்கே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

"எனக்கு சுகர் இல்ல. பிரஷர் இல்ல. மூத்தவ சுகப்பிரசவம்," என்றாள் அக்கா. "அதுல எழுதியிருக்கிற பொம்பள நான்தான். அப்புறம் அந்த ரெண்டாவது ஆளு நீதாம்லே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா மட்டும், "படகுன்னா நான் சொல்லுவேன். இது எனக்குத் தெரியாது," என்று எழுந்து வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மருத்துவச்சி என்று கிடைத்தவர் ஆயாம்மா. லேபர் வார்டில் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புன்னைக்காயலில் அக்காவின் மாமியார் வீட்டுக்குப் பின்தெரு. அன்பான பொம்பள. அக்கா வயிற்றில் கை வைக்கும் முன்னால் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். மூச்சுப் பையைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் டாக்டரம்மா கையில இருக்கும் தம்பி, நான் தொட்டதில்ல," என்றார்.

நான் பிடிவாதமாக நின்றது ஒரு விஷயத்தில். வீட்டில் என்றால் எங்கள் வீட்டில் நடக்கட்டும். தூத்துக்குடியில் எங்கள் தெருவிலிருந்து ஆட்டோவில் ஏறினால் ஒரு பாட்டு முடிவதற்குள் பெரியாஸ்பத்திரி வாசல். ஆயாம்மாவை நான் போய்க் கூட்டி வருகிறேன் என்றேன். அக்கா சரி என்றாள். மச்சானும் போனில் சரி என்றார்.

அப்போது மாமி வந்தார்கள். அக்காவின் மாமியாரை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு சீப்புப் பழமும் மிக்சர் பொட்டலமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்துப் பேசினார்கள்.

"தலைப்பிள்ளை தாய் வீட்டுல. அதுக்கு நாங்க குறுக்க நின்னமா மதினி? ரெண்டாவதுக்குப் புருஷன் வீடு. அவன் கப்பல்ல கெடக்கான். அவன் வீட்டுல வெளக்கெரிய வேண்டாமா? பொண்டாட்டி ரெண்டு தடவையும் அம்மா வீட்டுலயே கெடந்து பெத்தாள்னா தெருவுல என்ன சொல்லுவாவ?"

ஆஸ்பத்திரிதான் என்று முடிவாகியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. யார் வீட்டிலிருந்து வண்டி ஏறினாலும் அதே ஆஸ்பத்திரி. வீடு என்று முடிவானதும், யார் வீடு என்று கேள்வி வந்துவிட்டது.

புன்னைக்காயலிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு உள்ள தூரத்தை நான் சொன்னேன். ஆத்தூர், முக்காணி, பழையகாயல், முள்ளக்காடு என்று ஒவ்வொரு ஊராகச் சொன்னேன்.

"வாசல்லயே ஆட்டோ நிக்கும்," என்றார்கள் மாமி. "நீதான சொன்ன, அந்த வண்டிக்கு வேலையே வராதுன்னு."

அப்படி நான் சொல்லவில்லை. அம்மா என்னைப் பார்த்து, "அவங்க கேக்குறது நியாயந்தானல," என்றாள். அம்மா நியாயம் என்றதோடு அது முடிந்தது.

நர்சம்மாவுக்குத் தெரிந்தால் வீட்டில் பெற விட மாட்டார், அதை மறைத்தது அக்காவின் யோசனை. கர்ப்பிணிகளைப் பதிவு செய்து வீடு வீடாக வந்து கேட்கிற சுகாதார நர்ஸ் புன்னைக்காயலில் ஒருவர், தூத்துக்குடியில் எங்கள் பகுதிக்கு ஒருவர். அக்கா அங்கே, "பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போறேன்," என்றாள். இங்கே, "ரெண்டாவதுல்லா, மாமியார் வீட்டுலதான்," என்றாள். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். எங்கள் பக்கத்தில் இரண்டுமே நடக்கிற வழக்கம், சந்தேகப்பட ஒன்றுமில்லை. புன்னைக்காயல் நர்சம்மா, அம்மா வீட்டுப் பக்கம் பெரியாஸ்பத்திரி இருப்பது நல்லதாகப் போயிற்று என்று சொல்லி சத்து மாத்திரை கூடுதலாகக் கொடுத்து அனுப்பினார்.

"பொய்யாக்கா இது?" என்று கேட்டேன்.

"என்ன பொய்? ரெண்டும் என் வீடுதான."

அன்று விடியும்போது வலி வந்தது. ஆயாம்மா வந்து கத்திரிக்கோலை வெந்நீரில் போட்டார். நான் முன்னறையில் இருந்தேன். நடுவில் ஒரு சேலைத் திரை. அக்கா உள்ளே நடந்துகொண்டிருந்தாள். காப்பி கேட்டாள். வலி வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வாள், திரையில் நிழல் தெரியும். வலி போனதும் அம்மாவிடம் ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். ஒரு தடவை என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஏலே, ரெண்டாவது ஆளே, தூங்கிட்டியா? பாத்துக்க, இங்கன யாரும் என்னை அடிக்கல."

அந்தக் காலை நேரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை எழுதாமல் விட்டால் இது பொய்யாகிவிடும்.

வெயில் ஏறின பிறகு தலை வந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். அதன் பிறகு ஆயாம்மாவின் குரல் மாறியது. "முக்குளா, முக்கு, நிறுத்தாத," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தோள் மாட்டிக்கொண்டது. அப்போது எனக்கு அது தெரியாது. ஏன் இவ்வளவு நேரம் என்று மட்டும் தோன்றியது. பிறகு பிள்ளை வெளியே வந்துவிட்டது என்று சத்தத்தில் தெரிந்தது. பிள்ளையின் சத்தம் வரவில்லை.

"உள்ள வால," என்றாள் அம்மா. "போனைப் போடு."

நூற்றெட்டுக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு திரையைத் தள்ளி உள்ளே போனேன். ஆண் பிள்ளை. நீல நிறம். கையும் காலும் துணி மாதிரி தொங்கின. ஆயாம்மா உள்ளங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார். போனில் பேசின பெண் அவசரமில்லாத குரலில் பேசினாள். வண்டி கிளம்பிவிட்டது, பிள்ளையைத் துணியால் நன்றாகத் துடையுங்கள், முதுகைத் தேயுங்கள், நிறுத்தாதீர்கள். அவள் சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன். ஆயாம்மா துடைத்தார், தேய்த்தார்.

"முதல்ல தண்ணி ஊத்துங்க," என்றார்கள் மாமி.

கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் இது எல்லாருக்கும் தெரியும். பிள்ளை போய்விடும் போலிருந்தால் சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் யாரும் தண்ணீர் ஊற்றி, மந்திரம் சொல்லி, ஞானஸ்நானம் கொடுக்கலாம். மாமி தீர்த்தக் குப்பியை எடுத்து வந்துவிட்டார்கள். தலையில் ஊற்ற வேண்டும் என்பதற்காக ஆயாம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டு, பிள்ளையின் தலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். ஊற்றும்போது பெயர் சொல்ல வேண்டும்.

"தாத்தா பேரச் சொல்லுங்க," என்றாள் அம்மா. மூத்த ஆண் பிள்ளைக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். மச்சானின் அப்பா கடலில் இறந்து போனவர். அந்தப் பெயருக்காகத்தான் மாமி ஆண் பிள்ளை கேட்டு நேர்ந்திருந்தார்கள்.

மாமி குப்பியைப் பிடித்தபடி நின்றார்கள். "அவரு பேரு வேண்டாம்," என்றார்கள்.

"வேற என்ன பேரு மதினி? அதான முறை?"

"இதுக்கு அந்தப் பேர வச்சிட்டா அடுத்ததுக்கு வைக்க முடியாது. அவன்கிட்ட கேளுங்க. கப்பலுக்குப் போடுங்க."

"அவரு இப்பம் எடுப்பாரா?"

"போட்டுப் பாரேன். நீயும் நானும் பேரு வைக்க முடியுமா?"

மாமி குப்பியை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத் தன் போனை எடுத்து மகனுக்குப் போட்டார்கள். ரிங் போகவில்லை. திரும்பப் போட்டார்கள். என் கையில் இருந்த போனில் அந்தப் பெண், "தேய்க்கிறீங்களா? மூச்சு வருதா? நிறுத்தாதீங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆயாம்மா பிள்ளையின் தலையைப் பிடித்தபடி யார் ஊற்றப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பாயில் கிடந்த அக்கா கையை நீட்டினாள். "பேரு கெடக்கட்டும், பிள்ளையப் பாருங்களேன்," என்றாள். அதைச் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை.

போனில் அந்தப் பெண், வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி மெதுவாக ஊதச் சொன்னாள். போனைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கித் தரையில் வைத்து ஊதினேன். நெஞ்சு ஏறியது. திரும்ப ஊதினேன். நான் குனிந்திருக்கும்போதே அம்மா தண்ணீரை ஊற்றினாள். எங்கள் தெருக் கோயில் புனிதரின் பெயரைச் சொன்னாள். பாதித் தண்ணீர் என் கன்னத்தில் வழிந்து வாய்க்குள் வந்தது. உப்புக் கரித்தது. அந்த ஊரில் குடிக்கிற தண்ணீர்கூடக் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்.

பிறகு பிள்ளை விக்கல் மாதிரி ஒன்று எடுத்தது. அக்காவையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் போனோம். ஆத்தூரில் ஆம்புலன்ஸ் எதிரே வந்தது. அதில் இருந்தவரிடம் மூச்சுப் பை இருந்தது. பிள்ளையின் முகத்துக்கு ஏற்ற சின்ன முகமூடி. கட்டுரையில் படம் பார்த்திருக்கிறேன், அதே மாதிரி இருந்தது.

மச்சானுக்கு அதற்குள் தகவல் போய், தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டார். பெரியாஸ்பத்திரியிலும் பார்ப்பார்கள் என்று சொன்னேன். "செலவு பாக்காத, என்னால அது ஒண்ணுதான் முடியும்," என்று செய்தி அனுப்பினார். சேர்த்தோம்.

பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டருக்கு என் வயசுதான் இருக்கும். யார் எடுத்த முடிவு என்று கேட்டார். சொன்னேன். வாசித்த கட்டுரைகளைப் பற்றியும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை.

"நானும் படிச்சிருக்கேன். அங்க வீட்டுக்கு ரெண்டு மிட்வைஃப் வருவாங்க. ஆக்சிஜன் வரும். ஆம்புலன்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தெரியும். உங்க வீட்டுக்கு யார் வந்தா?"

ஓர் ஆயாம்மா என்றேன்.

"தோள் மாட்டுறது எங்க லேபர் ரூம்லயும் நடக்கும். யாருக்கு மாட்டும்னு முன்னாடியே சொல்ல முடியாது. இங்க ஆகியிருந்தா பக்கத்து மேசையிலயே மூச்சு குடுத்திருப்போம். வித்தியாசம் அதுதான்."

அக்காவுக்கு மேல் மாடியில் படுக்கை. அங்கே ஒரு நர்ஸ் அவளுக்குத் தலை சீவிவிட்டாள். தையல் போடுவதற்கு முன்னால் ஊசி போட்டு, மரத்துவிட்டதா என்று கேட்டுக் கேட்டுப் போட்டார்களாம். அக்கா என்னிடம், "இப்படியும் இருப்பாங்களாலே?" என்று கேட்டாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "அங்கயே போய் அடி வாங்கியிருந்தாலும் பிள்ளை இருந்திருக்கும்," என்றாள். நான் கீழே போய் மருந்து வாங்கி வந்தேன்.

பிள்ளையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தோம். மணிக்கட்டில் ஒரு பட்டை. அதில் இன்னாரின் குழந்தை என்று அக்கா பெயர்தான் இருந்தது. மூளையைக் காப்பாற்ற உடம்பைக் குளிர வைத்தார்கள். வலிப்பு வந்தது. மருந்து கொடுத்தார்கள். மூளை ஸ்கேன் எடுத்தார்கள், அந்த ரிப்போர்ட்டும் என் கையில்தான் வந்தது. வாசித்தேன். அம்மா, "என்னல போட்டிருக்கு?" என்றாள். "டாக்டர் சொல்லுவாங்க," என்றேன். அந்த வாரம் முடிவதற்குள் பிள்ளை போய்விட்டது. மெஷினை அணைத்தபோது அக்கா கையில் இருந்தது. முதல் தடவையாக அப்போதுதான் அவள் அதைத் தூக்கினாள்.

புன்னைக்காயலில் அடக்கம் செய்தோம். அம்மா வைத்த பெயரையே பாதர் எழுதிக்கொண்டார். மாமி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்பா பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். அது ஒரு ஆள் தூக்குகிற பெட்டிதான்.

சுகாதாரத் துறையிலிருந்து வந்து விசாரித்தார்கள். ஆயாம்மாவை ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். இரண்டு நர்சம்மாக்களிடமும் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள். புன்னைக்காயல் நர்சம்மா அக்காவைப் பார்க்க வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். பால் கட்டிக்கொண்டிருக்கிறதா என்று கேட்டு, வற்றுவதற்கு மாத்திரை கொடுத்தார். போகும்போது வாசலில் என்னிடம், "அம்மா வீட்டுக்குப் போறான்னு நான் நம்பிட்டேன் தம்பி," என்றார்.

மச்சானால் வர முடியவில்லை. கப்பல் அடுத்த துறைமுகம் போய்ச் சேரவே நாள் ஆகும், ஒப்பந்தமும் முடியவில்லை. டவர் கிடைத்தபோது எனக்குத்தான் போன் பண்ணினார். அக்கா பேச மாட்டேன் என்றாள். அவருக்குப் பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளை யார் ஜாடை என்று கேட்டார். தெரியலை மச்சான், முகத்தில் குழாய் இருந்தது என்றேன். அக்கா சாப்பிடுகிறாளா என்று கேட்டார். சாப்பிடுகிறாள் என்றேன். அதற்கு மேல் அவருக்குக் கேட்க ஒன்றும் கிடைக்கவில்லை.

"மொத்தம் எவ்வளவு ஆச்சு மாப்ள?" என்றார்.

ஆஸ்பத்திரி, மருந்து, ஸ்கேன், பெட்டி, குழி வெட்டினவருக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்துச் சொன்னேன். நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து அறுநூறு ரூபாய்.